அப்பா வைத்த மிச்சம்

அப்பா இறந்த ஒன்பதாம் நாள் காலையில்தான் அம்மாவின் விரலில் முதன்முதலாக ஊசி குத்தினேன். இரத்தச் சீனி பார்க்கிற கருவி ஐந்து விநாடி யோசித்தது. பிறகு 286 என்றது. வெறும் வயிற்றில் 286. அம்மா அந்த எண்ணைப் பார்க்கவேயில்லை. விரல் நுனியில் உருண்டு நின்ற இரத்தப் பொட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, இவ்வளவு கறுப்பாயிருக்கு?"

"இரத்தம் அப்பிடித்தானம்மா இருக்கும்."

"அவருக்கும் இப்பிடித்தான் இருந்திருக்குமோ?"

அப்பாவின் இரத்தத்தை யாரும் சோதித்ததில்லை. வயலில் கால் வெட்டுப்பட்டால்கூடச் சேற்றை அப்பிவிட்டு வேலையைத் தொடருகிற ஆள் அவர். இறந்த அன்றைக்கும் அக்கராயன் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயலிலிருந்து வழமைபோல வந்தார். நாலு மணித் தேத்தண்ணியில் அரைவாசியைக் குடித்தார். மற்ற அரைவாசியை அம்மாவுக்கு வைத்துவிட்டுச் சாய்வுக் கதிரையில் சாய்ந்தார். அம்மா வந்து மிச்சத்தைக் குடித்து, கோப்பையைக் கழுவி, கொடியில் காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டு வந்த பிறகுதான் அப்பாவின் கை தொங்குவதைக் கவனித்தார். மாரடைப்பு என்று எழுதித் தந்தார்கள்.

நான் வவுனியாவில் உயிரியல் படித்து முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, வீட்டில் சும்மா இருந்த காலம் அது. சும்மா இருக்க எனக்கு ஒருபோதும் வராது. எலிகளின் கணையத்தைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தேன். அந்த ஒரு கட்டுரையின் பலத்தில் ஊரில் எல்லாருடைய சாப்பாட்டிலும் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் சாப்பாட்டிலும்தான். அவர் சிரித்துவிட்டு, தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போட்டுக் குடிப்பார்.

அம்மாவுக்கு ஏதோ வருத்தம், உடம்பில் ஏதோ நோய் என்று எனக்குச் சொன்னது அடுத்த வளவு வீட்டு அக்கா. அவருடைய ஆட்கள் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். எங்கள் வயலில் நாற்று நடுவார். எங்கள் கிணற்றில்தான் உடுப்புத் தோய்ப்பார். செத்த வீட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, எட்டாம் நாள் பகலில், என்னை முருங்கை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"தங்கச்சி, ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காத. அம்மாவுக்கு நின்னு ஏழெட்டு வருஷம் இருக்கும்ல?"

"எது அக்கா?"

"அதான். மாசாமாசம் வர்றது." அக்கா குரலை இறக்கினார். "நேத்துத் தொவைக்கிறப்ப பாத்தேன். இன்னைக்கும் பாத்தேன். பல நாளா நடக்குது போல. நின்னதுக்கப்புறம் திரும்ப வந்தா நல்லதில்ல தங்கச்சி. எங்க சித்தி ஒருத்தி அப்படித்தான் சொல்லாம வச்சுக்கிட்டுப் போய்ச் சேந்தா."

அம்மாவிடம் கேட்டேன். முதலில் இல்லை என்றார். பிறகு, அப்பா இருக்கும்போதே ஐந்தாறு மாதமாய் இருக்கிறது என்றார். அப்பாவுக்குச் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. வயலில் விதைப்பு, பிறகு பசளை, பிறகு பன்றிக் காவல் என்று ஒவ்வொன்றாய்க் காரணம் சொன்னார்.

இப்படியானால் சீனியையும் பார்க்கவேண்டும் என்று படித்திருந்தேன். கருவியில் 286 பார்த்த அதே நாள் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஸ்கான் பார்த்த டொக்டர் நிதானமாகக் கதைத்தார். கர்ப்பப்பையின் உள்தோல் தடித்திருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பவேண்டும்.

"புற்றுநோயோ டொக்டர்?" என்று நான் கேட்டேன்.

"எடுத்துப் பார்க்காமல் சொல்லேலாது. சந்தேகப்பட இடமிருக்கு, அதாலைதான் கெதியாய்ச் செய்யவேணும் எண்டுறன். ஆனால் இந்தச் சீனியோட மயக்க மருந்து குடுக்கேலாது. முதல்ல இதை இறக்குங்கோ." ஒரு துண்டில் ஓர் எண்ணை எழுதித் தந்தார். காலையில் வெறும் வயிற்றில் அதற்குக் கீழே வரவேண்டும். விழுங்கக் குளிசை தந்தார். திகதியும் தந்தார். அப்பாவின் முப்பத்தோராம் நாள் கழிந்து நாலாவது நாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குள் ஓர் உற்சாகம் ஊறியது. செத்த வீட்டில் இருந்துகொண்டு அப்படி ஒன்று வரக்கூடாதுதான். ஆனால் கையில் ஓர் எண் இருந்தது, ஒரு திகதி இருந்தது, நடுவில் இருபத்தாறு நாட்கள் இருந்தன. நான் படித்த எல்லாவற்றுக்கும் ஒருவழியாக ஒரு வேலை வந்திருந்தது.

அன்றிரவே அம்மாவை இருத்தி வைத்து விளங்கப்படுத்தினேன். எங்கள் ஊரில் எதையும் குளத்தை வைத்துத்தான் விளங்கப்படுத்தலாம். சாப்பிட்டவுடன் இரத்தத்தில் சீனி ஏறுகிறது, அது குளத்தில் தண்ணீர் ஏறுகிற மாதிரி. இன்சுலின் என்பது துருசு என்கிற மதகைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுகிற ஆள். ஒவ்வொரு வயலும் நிரம்பிய பிறகும் மழை விடாமல் பெய்தால் என்ன செய்வது? வயல்காரர் வரம்பை அடைத்துவிடுவார்கள். துருசு ஆள் இன்னும் சத்தமாகக் கத்துவான். இன்னும் நாலு பேரைக் கூட்டிவருவான். குளமும் நிரம்பியிருக்கும், வாய்க்கால் முழுக்க அந்த ஆட்களும் நிற்பார்கள்.

"அந்த ஆக்கள் நிண்டால் என்ன?" என்றார் அம்மா.

"அவை சும்மா நிக்க மாட்டினம். வளர், வளர் எண்டு சொல்லுவினம். எந்த உயிர்க்கலத்தைக் கண்டாலும் சொல்லுவினம். கர்ப்பப்பை உள்தோலுக்கும் அதைத்தான் சொல்லுவினம்."

அழற்சியைப் பற்றிச் சொன்னபோதுதான் அம்மாவின் முகம் மாறியது. நெல் ஆலைக்குப் பின்னால் கிடக்கிற உமிக் குவியலைச் சொன்னேன். மேலே பார்த்தால் நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. மாடு தெரியாமல் காலை வைத்தால் முழங்கால் வரை வெந்துபோகும். உடம்பில் கொழுப்புக் கூடிய இடங்களிலும் அப்படித்தான் ஒன்று அணையாமல் கனன்றுகொண்டிருக்கும். வருடக் கணக்காக.

அம்மா தன் வயிற்றில் கையை வைத்தார். வேறு யாரோ ஒருவருடைய வயிற்றைத் தொடுவதைப் போல, மெதுவாக. பிறகு அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எல்லாப் புற்றுநோயும் சாப்பாட்டால் வருவதில்லை. பத்தியமாய்ச் சாப்பிட்டவர்களுக்கும் வருகிறது, அள்ளிச் சாப்பிட்டவர்களை விட்டுப் போகவும் செய்கிறது. இது எனக்கு அன்றைக்கும் தெரியும். அம்மாவிடம் சொல்லாமல் விட்டேன். சொன்னால் பிடி தளர்ந்துவிடும் என்று பயந்தேன்.

மறுநாளிலிருந்து குசினி என் ஆட்சிக்குள் வந்தது. ஒரு சின்னக் கோப்பை சிவப்புப் புழுங்கல் அரிசிச் சோறு, தட்டில் அரைவாசிக்கு முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி, மிச்சத்துக்குப் பருப்பும் குளத்து மீனும். முதலில் இலைக்கறி, பிறகு மீன், கடைசியாகச் சோறு. வெள்ளை மாப் புட்டுக்குப் பதிலாகக் குரக்கன், அதாவது கேழ்வரகு. சாப்பிட்ட கையோடு வாய்க்கால் கட்டில் கால்மணி நேரம் நடை. பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாண் விற்க வருகிற ஓட்டோக்காரனுக்குப் படலை வாசலில் நின்றே கையைக் காட்டி அனுப்பிவிடுவேன். அக்கா தன் வேலியால் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்.

"என்ன தங்கச்சி, அம்மாவுக்கு ஆடு மாதிரி எல கட்டுற?"

"உங்களுக்கும் கட்டவோ அக்கா? விரலைத் தாங்கோ, பாப்பம்."

"வேணாம்பா. தெரியாத வரைக்கும் நல்லாத்தான் இருக்கேன்."

எண் இறங்கியது. 286, 251, 224. பதினாலாம் நாள் 201. கொப்பியில் எழுதும்போது கை துள்ளியது.

பிறகு நின்றது. நின்றது மட்டுமல்ல, ஏறியது. காலையில் 230. பின்னேரம் ஆறு மணிக்குப் பார்த்தால் 274. நான் சோற்றை இன்னும் குறைத்தேன், 268. நடையைக் கூட்டினேன், 281. அளந்து போடுவது நான், பக்கத்தில் இருந்து பார்ப்பதும் நான். சீனிப் போத்தல் என் பொறுப்பில். அம்மாவோ கேட்கிறபோதெல்லாம் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"நீ தந்ததை விட வேறை ஒண்டும் நான் எடுத்துச் சாப்பிடேல்லைப் பிள்ளை."

பொய் சொல்லுகிற முகமில்லை அது. எனக்கு அந்த முகம் தெரியும்.

கர்ப்பப்பையில் இருக்கிற அதுவே எங்கிருந்தோ சீனியை இழுத்துக் குடிக்கிறதோ என்றுகூட நினைத்தேன். உயிரியல் படித்தவள் நினைக்கக்கூடாத நினைப்பு. ஆனாலும் அந்த நாட்களில் அம்மா பேசாமல் இருந்து சுவரைப் பார்க்கும்போதெல்லாம், அந்த உடம்புக்குள் எனக்குத் தெரியாத இன்னொரு அடுப்பு எரிகிறது என்றே பட்டது.

வீட்டில் நான் அளக்காத சாப்பாடு ஒன்று இருந்தது. அப்பாவினுடையது.

முன்னறையில் அப்பாவின் படம். அதன் முன்னால் முப்பத்தொரு நாளும் அணையாத விளக்கு, செம்பில் தண்ணீர். காலையில் தேத்தண்ணி, மத்தியானம் இலையில் சோறு, நாலு மணிக்குத் தேத்தண்ணியும் சீனி தூவிய பன்னும், அதுதான் சீனிப் பணிஸ். வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும். வந்தவர் ஆறுதலாகச் சாப்பிட்டுப் போகட்டும் என்று இருபது நிமிடம் யாரும் உள்ளே போகக்கூடாது. மத்தியான இலையை நான் எடுத்துக் காகத்துக்கு வைப்பேன். காலைத் தேத்தண்ணி வாழையடியில் ஊற்றப்படும். நாலு மணிக்கு ஊற்றிக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை, வைப்பதையும் எடுப்பதையும் அம்மா எனக்கு விடவில்லை. அந்தப் பணிசையும் நான் திருப்பி அனுப்பிய ஓட்டோவில் அக்காவின் கையால் வாங்குவித்து வைத்திருந்தார். நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. அது செத்தவருடைய கணக்கு. உயிரோடு இருப்பவருடைய கொப்பியில் அதற்கு இடமில்லை.

பதினெட்டாம் நாள். நல்ல வெயில், காற்றில்லை. நானும் அக்காவும் பின்வளவில் இருந்து முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தோம். அம்மா கிணற்றடிக்குப் போயிருந்தார். முன்னறைக் கதவு சாத்தியிருந்தது. அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பீங்கான் கோப்பையைச் சாசரில் வைக்கிற சத்தம். ஒரேயொரு தரம்.

அக்காவின் கை நின்றுவிட்டது.

"அம்மா கெணத்தடியிலதானே?" என்றார்.

"ஓம்."

"அப்ப உள்ள யாரு?"

நான் எழும்பினேன். "போகாத தங்கச்சி, ஐயா குடிச்சிட்டுப் போகட்டும்," என்றார் அக்கா. அது பகிடியா உண்மையா என்று அவருடைய முகத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. விறாந்தையால் சுற்றிப் போய்க் கதவைத் தள்ளினேன். உள்ளே யாருமில்லை. விளக்குச் சுடர் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது. நான் விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி அரைவாசிக்கும் கீழே நின்றது. பணிசில் பாதியைக் காணவில்லை. கடித்த இடம் ஈரமாக இருந்தது.

அந்த அறைக்கு இரண்டு கதவு. மற்றது கிணற்றுப் பக்கத்து ஓடைக்கு, அந்த ஒடுங்கிய நடைக்குத் திறக்கும். அது சற்றே விலகியிருந்தது. அதைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஓடையால் எட்டிப் பார்த்தேன். அம்மா கிணற்றுக் கட்டில் இருந்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் சத்தம் போடவில்லை. எனக்கு ஒரு கெட்டித்தனமான யோசனை வந்தது. அடுத்த நாளிலிருந்து அப்பாவின் தேத்தண்ணியில் சீனிக்குப் பதிலாக, மருந்துக் கடையில் வாங்கிய இனிப்புக் குளிசை இரண்டைப் போட்டேன். சீனிப் பணிசுக்குப் பதிலாக ஒரு துண்டு குரக்கன் றொட்டி. செத்த அப்பாவுக்குப் பத்தியம். எண் இறங்கியது. 240, 219, 196. கொப்பியை மூடிவிட்டு எனக்குள் சிரித்தேன்.

இருபத்திரண்டாம் நாள் காலை, ஊசி குத்த விரலை நீட்டிக்கொண்டே அம்மா சொன்னார்: "ராத்திரி கொப்பர் கனவிலை வந்தவர்."

"என்னவாம் அப்பா?"

"தேத்தண்ணி ஒரு மாதிரிக் கைக்குதாம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார். கைத்ததை அறிய வேண்டுமானால் குடித்திருக்க வேண்டும். குளிசை போட்டதை மறுக்க வேண்டுமானால் நான் பொய் சொல்ல வேண்டும்.

"றொட்டியும் வரட்டாம்," என்றார் அம்மா.

"அம்மா."

"என்ன?"

"நீங்கள்தானே குடிக்கிறனீங்கள்?"

"நான் குடிக்கேல்லை. அவர் குடிச்ச மிச்சத்தைத்தான் எடுக்கிறனான்."

"அது சாப்பாடு இல்லையோ?"

அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தார், கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டதைப் போல. "முப்பத்திமூண்டு வருசமாய் அவர் மிச்சம் வைக்கிறவர், நான் எடுக்கிறனான். அதையெல்லாம் ஆரும் சாப்பிட்டது எண்டு சொல்லுவினமே? போன அண்டைக்கும் அரைவாசி வைச்சுட்டுத்தான் போனவர். நான் குடிச்சுக் கோப்பையும் கழுவிப்போட்டன். அவர் அங்கை…" அம்மா நிறுத்தினார். "இப்ப வைக்கிறதை நான் எடுக்காட்டில் என்ன நினைப்பார்?"

அதுவரை அம்மா சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அவருடைய கணக்கில் அவர் எதையும் சாப்பிடவில்லை. நான் அளந்த தட்டுக்கும் அவருடைய இரத்தத்துக்கும் நடுவில் ஒரு செத்த மனிதர் இருந்து, அரைக் கோப்பை, பாதிப் பணிஸ் என்று ஊட்டிக்கொண்டிருந்தார்.

"அதுவும் சில நாளிலை," என்று அம்மா அடங்கிய குரலில் சொன்னார், "நான் போய்ப் பாக்கேக்குள்ளை ஏற்கெனவே அரைவாசிதான் இருக்கும். நான் இன்னும் தொட்டிருக்க மாட்டன்."

நான் விளிம்பு வரைதான் ஊற்றுவேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. வெக்கைக்கு ஆவியாகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இருபது நிமிடத்தில் அரைக் கோப்பை ஆவியாகாது. அது எனக்குத் தெரியும்.

அன்றைக்கு அம்மா தானே தேத்தண்ணி போட்டார். மூன்று கரண்டி சீனி, என் கண் முன்னால். முப்பத்தோராம் நாள் வரை இதில் கை வைக்காதே என்றார். அன்று மாலை 259. அடுத்த நாள் 266. திகதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். நான் பொறுமை இழந்து கத்தினேன்.

"அப்பாவுக்கு உங்கடை வருத்தம் தெரிஞ்சிருந்தால் இந்தச் சீனித் தண்ணியை உங்களுக்கு மிச்சம் வைச்சிருப்பாரோ? சொல்லுங்கோ பாப்பம்."

அம்மா கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு, "அவருக்குத் தெரியாதே," என்றார். அதைச் சொன்ன குரல் எனக்குப் புதிது.

இருபத்திநாலாம் நாள் பின்னேரம் கோப்பையோடு உள்ளே போன அம்மா வெளியே வரவில்லை. கதவு சாத்தியிருந்தது. நான் விறாந்தையில் நின்றேன். உள்ளே அம்மா கதைத்துக்கொண்டிருந்தார். அழுகை இல்லை. குளத்தடிக்குப் போன ஆள் திரும்பி வந்ததும் வீட்டு விசயம் சொல்லுகிற மாதிரி, எப்போது தொடங்கியது, எத்தனை நாள் இரத்தம் படுகிறது, டொக்டர் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாக. இடைக்கிடை நிறுத்தினார். நிறுத்திய இடங்கள்தான் என்னை உலுக்கின. யாரோ கேள்வி கேட்டு முடிக்கும் வரை காத்திருப்பது போல நிறுத்தி, "ஓம்," "இல்லை," "அக்காதான் கண்டவ," என்று பதில் சொன்னார்.

வெளியே வந்தபோது அவருடைய கையில் கோப்பை இல்லை.

"சொல்லிப்போட்டன்," என்றார். "யோசிக்கட்டும்."

அன்று மாலை 232. தேத்தண்ணி அப்படியே இருந்தது. வாழையடியில் ஊற்றினேன்.

யோசிக்கிறவருடைய முடிவு என்னவாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதை அவருக்காக நான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த நாள் அம்மா கோப்பையை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு அக்காவோடு வாய்க்கால் கட்டில் நடக்கப் போனார். நான் ஓடைக் கதவால் உள்ளே போனேன். படத்தைப் பார்க்காமல் தேத்தண்ணியை ஒரே இழுப்பில் குடித்தேன். பணிசை விழுங்கினேன். இனிப்பு தொண்டையில் ஒட்டியது. அடியில் ஒரு சொட்டும் விடவில்லை.

திரும்பி வந்த அம்மா வெறும் கோப்பையைக் கையில் எடுத்து உள்ளே பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். வெறும் தட்டையும் பார்த்தார். கோப்பையைக் கழுவி அலுமாரியில் வைத்துவிட்டு, நான் போட்ட குரக்கன் கூழை வாங்கிக் குடித்தார், கடைசிச் சொட்டு வரை. ஆறு மணிக்கு 188.

அதோடு சேர்த்து ஐந்து நாள் குடித்தேன். 171, 160, 149, 137. ஒவ்வொரு நாளும் அம்மா வெறும் கோப்பையைப் பார்த்தார், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைவான நேரம். செத்தவருடைய பெயரில் கையெழுத்துப் போடுகிற ஆளாக நான் ஆகிவிட்டேன் என்று தெரிந்தது. வேறு வழியும் தெரியவில்லை.

முப்பதாம் நாள். ஓடையில் நான் நின்ற இடத்திலிருந்து வாய்க்கால் கட்டு தெரிந்தது. தூரத்தில் இரண்டு குடை. அம்மாவினுடையது கறுப்பு, அக்காவினுடையது பூப்போட்டது. இரண்டும் போய்க்கொண்டிருந்தன. கோப்பை வைத்துக் கதவு சாத்தி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் ஓடைக் கதவைத் திறந்தேன்.

கோப்பை வெறுமையாக இருந்தது.

சாசரில் சிந்தவில்லை. தட்டில் பணிஸ் தூள்கூட இல்லை, எறும்பும் இல்லை. கோப்பையைத் தொட்டேன். சுட்டது. குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. விளக்கு ஆடாமல் எரிந்தது. நான் முதன்முறையாக நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன். பிறகு வந்த வழியே, முதுகைக் காட்டாமல், வெளியே போனேன்.

அம்மா ஒருவேளை அறையிலேயே குடித்துவிட்டுப் போயிருக்கலாம். அப்படித்தான் நம்ப ஆசைப்பட்டேன். ஆறு மணிக்கு ஊசி குத்தினேன். 121. மூன்று கரண்டி சீனியும் ஒரு பணிசும் போன உடம்பில் 121 வராது. அம்மாவின் உடம்பில் வரவே வராது. இன்னொரு விரலில் குத்தினேன். 119.

"என்ன, கூடிப்போச்சோ?" என்றார் அம்மா.

"இல்லை. நல்லாய் இருக்கு."

"அப்ப ஏன் உன்ரை முகம் இப்பிடி?"

அக்காவிடமும் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். "நான் அம்மா கூடல்ல நடந்தேன்," என்றார். "ஏன் கேக்குற?" நான் பேச்சை மாற்றினேன். அடுத்த நாள், முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியை நடந்தது. விளக்கை எடுத்தார்கள். படத்தைச் சுவரில் மாட்டினோம்.

அதற்கு நாலாவது நாள் காலை ஆஸ்பத்திரியில் அம்மாவின் எண் துண்டில் எழுதியிருந்ததற்குக் கீழே இருந்தது. பச்சை உடுப்புப் போட்டு, தலைமயிரை மூடி, தள்ளு கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். தாதி மிஸ்ஸி ஒருவர் தாளோடு வந்தார்.

"அம்மா, கடைசியாய் எப்ப சாப்பிட்டனீங்கள்?"

"நேற்று ராத்திரி. குரக்கன் புட்டு. இவள் தந்தது."

"அதுக்குப் பிறகு? தண்ணி, தேத்தண்ணி, ஒரு மிடறு எண்டாலும் சொல்லோணும். மயக்க மருந்து குடுக்கேக்குள்ளை ஆபத்து."

நான் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். எதைச் சாப்பாடு என்று எண்ணுவார், எதை எண்ணமாட்டார் என்று எனக்கு மட்டும்தானே தெரியும்.

"இல்லை மோனை," என்றார் அம்மா. "அவர் இப்ப ஒண்டும் மிச்சம் வைக்கிறேல்லை."

மிஸ்ஸி சிரித்தார். "ஐயா நல்லாய்ச் சாப்பிடுற ஆள் போலை. வெளியிலை நிக்கிறாரோ?"

மிஸ்ஸி எதையோ எழுதிக்கொண்டு கட்டிலைத் தள்ளினார்.

சோதனை முடிவு இரண்டு கிழமை கழித்து வந்தது. டொக்டர் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு விளங்கப்படுத்தினார். புற்றுநோய் இல்லை. ஆனால் கலங்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன. அப்படியே விட்டால் புற்றுநோயாக மாறிவிடக்கூடும், கவனித்தால் பழைய நிலைக்குத் திரும்பவும் கூடும். குளிசை தருவார். எடையும் சீனியும் இறங்கவேண்டும். சில மாதத்தில் திரும்ப எடுத்துப் பார்ப்பார். அப்போதும் சரியில்லை என்றால் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டிவரும். நான் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அம்மா இருந்தார். வயல் வெளி வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"அப்ப அது இஞ்சாலையும் இல்லை, அங்காலையும் இல்லை."

"ஓம் அம்மா."

"கொப்பர் முப்பத்தொரு நாளும் நிண்டமாதிரி."

நான் மடியிலிருந்த கொப்பியை மூடினேன்.

"நான் இவ்வளவு காலமும் கொப்பருக்கு வைச்ச சீனி, பணிஸ் எல்லாம் அதுக்குத்தானே போயிருக்கு?"

இந்த முறை மறைக்கக்கூடாது என்று நினைத்தேன். அப்படி நேராகச் சொல்ல முடியாது, இன்சுலின் இருக்கிறது, எடை இருக்கிறது, வயது இருக்கிறது, பரம்பரை இருக்கிறது, ஒன்றுமே இல்லாமல் வருகிறவர்களும் இருக்கிறார்கள், சாப்பாட்டால் ஆபத்தைக் குறைக்கலாமே தவிர இல்லாமல் ஆக்க முடியாது என்று வேகவேகமாகச் சொல்லத் தொடங்கினேன். அம்மா கடைசி வரை கேட்டார்.

"ஓம் ஓம்," என்றார். "நீ படிச்சதைச் சொல்லுறாய். நான் வைச்சுப் பாத்த ஆள். வைச்சால்தானே வரும்."

பிறகு வயிற்றின் மேல் கிடந்த சேலைத் தலைப்பை இழுத்து, குளிருக்கு மூடுகிற மாதிரி, இறுக்கமாகச் சொருகிக்கொண்டார்.